சூடேற்றினால் சுருங்கும் திசை: கரிம உப்புப் படிகங்களின் வெப்ப விரிவை அளக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சேலம் வட்டாரக் கல்லூரிகளில் படிகம் வளர்ப்பது ஒரு மரபாகவே ஆகிவிட்டது. ஒரு கரிம அமிலம், ஒரு கரிமக் காரம். இரண்டையும் நீரிலோ மெத்தனாலிலோ கரைத்து, பீக்கரின் வாயை ஊசித்துளை போட்ட தாளால் மூடி வைத்தால் சில வாரங்களில் தெளிந்த படிகம் கிடைக்கிறது. அதை அறை வெப்பநிலையில் ஒருமுறை எக்ஸ்ரே கருவியில் வைத்து அமைப்பைக் கண்டுபிடிக்கிறோம். அப்புறம் எஃப்.டி.ஐ.ஆர்., யு.வி. நிறமாலைகள், சூட்டில் எடை குறைவதை அளக்கும் டி.ஜி.ஏ., ஒளியியல் சோதனை என்று வரிசையாகப் போய் ஆய்வேடு முடிகிறது.

அந்தப் படிகம் 100 கெல்வினில் எப்படி இருக்கிறது, 350 கெல்வினில் என்ன ஆகிறது என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதே இல்லை. எனக்கு இது பெரிய இழப்பாகப் படுகிறது. கரிம உப்புகளில் சில, சூடேற்றும்போது ஒரு பக்கம் நீண்டு இன்னொரு பக்கம் சுருங்குகின்றன. சில எந்தப் பக்கமும் நகராமல் அடம்பிடிக்கின்றன. சில ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் துள்ளிக் குதிக்கின்றன. நம் பீக்கர்களில் அப்படி எத்தனை இருக்கின்றன என்பது அளந்து பார்த்தால்தான் தெரியும். எப்படி அளப்பது, அளந்ததை எப்படி நம்புவது, காரணத்தை எப்படித் தேடுவது என்பதை முதுகலை மாணவரும் பின்தொடரும்படி இங்கே எழுதியிருக்கிறேன்.

முதலில்: எது வழக்கம், எது வழக்கத்துக்கு மாறானது?

நீள் விரிவு குணகம் என்பது, வெப்பநிலை ஒரு கெல்வின் உயரும்போது ஒரு பொருளின் நீளம் எத்தனை பங்கு கூடுகிறது என்பதுதான். எண் மிகச் சிறியது என்பதால் மில்லியனில் இத்தனை பங்கு என்று சொல்வது வசதி. இந்தக் கட்டுரையில் வெறுமனே '17' என்று சொன்னால் கெல்வினுக்கு மில்லியனில் 17 பங்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சேலம் உருக்காலை என்றாலே நினைவுக்கு வரும் துருப்பிடிக்காத எஃகில், 304 வகைக்கு இந்த எண் சுமார் 17. ஒரு மீட்டர் தகட்டை 100 டிகிரி சூடேற்றினால் 1.7 மில்லிமீட்டர் நீளும். அலுமினியத்துக்குச் சுமார் 23. கியோம் 1896இல் கண்டறிந்த இன்வார் என்ற இரும்பு-நிக்கல் கலவைக்கு ஒன்றை ஒட்டிய எண்தான். அந்தப் பணிக்காக 1920இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

உலோகத் தகட்டுக்கு ஒரே எண் போதும். ஒற்றைப் படிகத்துக்குப் போதாது, திசைக்குத் திசை மாறும். இதற்கு நம் ஊர் வெள்ளைக்கல்லே நல்ல எடுத்துக்காட்டு. சேலத்துக்கு வடக்கே சுண்ணாம்புக் கரடுகளில் வெட்டியெடுக்கும் மாக்னசைட், மக்னீசியம் கார்பனேட். படிகத்தின் திசைகளைக் குறிக்க ஏ, பி, சி என்று மூன்று அச்சுகளை வைத்துக்கொள்வது வழக்கம். மாக்னசைட் படிகத்தில் சி அச்சு வழியாக விரிவு, ஏ அச்சு வழியாக நடப்பதைப் போலச் சுமார் மூன்று மடங்கு. அதே படிக அமைப்புள்ள கால்சைட்டில், அதாவது கால்சியம் கார்பனேட்டில், சி அச்சு விரிய, அதற்குச் செங்குத்தான திசைகள் சுருங்குகின்றன. மிட்ஷர்லிஷ் என்ற ஜெர்மன் வேதியியலர் 1820களிலேயே இதைப் பார்த்துவிட்டார். மாக்னசைட்டைச் சூளையில் சுட்டால் கிடைக்கும் மக்னீசியாவோ கனசதுரப் படிகம். அது எல்லாத் திசையிலும் ஒரே அளவு விரியும். ஆக, விரிவு எப்படி இருக்கும் என்பதை முதலில் கட்டுப்படுத்துவது படிகத்தின் சமச்சீர். கனசதுரத்துக்கு ஒரு எண், முக்கோண, அறுகோண, நாற்கோண வகைகளுக்கு இரண்டு, செஞ்சாய்சதுரத்துக்கு மூன்று, அச்சுகளுக்கு இடையே ஒரு கோணம் மட்டும் சாய்ந்த ஒற்றைச்சரிவுக்கு நான்கு, மூன்று கோணமும் சாய்ந்த முச்சரிவுக்கு ஆறு எண்கள் வேண்டும். கரிம உப்புகள் பெரும்பாலும் ஒற்றைச்சரிவிலும் முச்சரிவிலும்தான் விழும். இந்தத் துறையின் பாதிக் குழப்பத்துக்கு அதுதான் காரணம். ஐந்தாம் படியில் இதற்குத் திரும்ப வருகிறேன்.

கரிமப் படிகங்களின் பரும விரிவு, அதாவது கன அளவின் விரிவு, 150ஐ ஒட்டி இருப்பது சாதாரணம். அதை மூன்று திசைக்கும் பங்கிட்டால் திசைக்கு 50. ஒரு திசையில் எண் எதிர்க்குறியாக இருந்தாலோ, பூஜ்யத்தை ஒட்டி இருந்தாலோ, 100ஐத் தாண்டினாலோ அதை வழக்கத்துக்கு மாறானது என்று எடுத்துக்கொள்ளலாம். 100க்கு மேல் போனால் 'பிரம்மாண்டம்' என்று சொல்வது ஆய்வாளர்களிடையே வழக்கம். 2008இல் குட்வினும் கூட்டாளிகளும் வெள்ளி கோபால்ட்டு சயனைடு படிகத்தில் ஒரு திசையில் பிளஸ் 130க்கு மேலும் இன்னொரு திசையில் மைனஸ் 120க்கு மேலும் கண்டபோதுதான் அந்தச் சொல் நிலைபெற்றது.

ஏன் கரிம உப்பு?

நேரயனியும் எதிரயனியும் ஹைட்ரஜன் பிணைப்பால் கோர்த்துக்கொள்ளும்போது, மின்னூட்டமும் சேர்ந்து அந்தப் பிணைப்பை இறுக்குகிறது. அந்தத் திசையில் படிகம் விறைப்பாக இருக்கும். வளையங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும் திசையிலோ பலவீனமான ஈர்ப்புதான் இருக்கும். அங்கே சூடு ஏறினால் தாராளமாக இடம் விரியும். ஒரே படிகத்தில் விறைப்பும் தளர்வும் இப்படித் திசை பிரிந்து நிற்பதுதான் கரிம உப்பின் சிறப்பு.

உங்கள் பொருள் உண்மையிலேயே உப்பா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். காரத்தின் நேரயனிக்கும் அமிலத்துக்கும் உள்ள பி.கே.ஏ. (அமில வலிமையைக் காட்டும் எண்) வேறுபாடு 4க்கு மேல் என்றால் உப்பு. மைனஸ் 1க்குக் கீழ் என்றால் புரோட்டான் நகராத இணைப்படிகம். நடுவில் விழுந்தால் புரோட்டான் எங்கே இருக்கிறது என்று அமைப்பை அளந்துதான் பார்க்க வேண்டும். யூரியா-பாஸ்பாரிக் அமிலப் படிகத்தில் இருப்பது போன்ற மிகக் குறுகிய ஹைட்ரஜன் பிணைப்பில், வெப்பநிலை மாற மாற அந்தப் புரோட்டானே இடம் பெயர்கிறது.

படி 1: படிகத்தைத் தேர்ந்தெடுத்தல்

படிகத்துக்குள் நீரோ கரைப்பானோ இல்லாத உப்பாக எடுங்கள். நீர் இருந்தால், சூடேற்றும்போது அது மெல்ல வெளியேறி அலகுக்கூட்டை, அதாவது படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச்சிறு பெட்டியை, சுருக்கும். அதை எதிர்மறை விரிவு என்று எழுதிவிடும் ஆபத்து இருக்கிறது. உருகுநிலை 400 கெல்வினுக்கு மேல் இருப்பது நல்லது. சங்கிலியாகவோ தாளாகவோ ஹைட்ரஜன் பிணைப்பு ஓடும் அமைப்பாக இருந்தால் இன்னும் நல்லது.

காசு செலவில்லாத ஒரு முன்சோதனை உண்டு. கேம்பிரிட்ஜ் படிகத் தரவுத்தளத்தில் உங்கள் உப்பை ஒரு குழு அறை வெப்பநிலையிலும் இன்னொரு குழு 100 கெல்வினிலும் அளந்து வைத்திருக்கக்கூடும். இரண்டு அலகுக்கூடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 100 கெல்வினில் ஏதாவது ஒரு நீளம் அறை வெப்பநிலையில் இருப்பதைவிடப் பெரியதாக இருந்தால், அந்தப் படிகத்தைப் பிடித்துக்கொள்ளலாம். எனக்கு இந்த வழி மிகவும் பிடிக்கும். பல வருடங்களாக எல்லார் கண்ணிலும் பட்டுக்கொண்டிருக்கும் தரவில் யாரும் கேட்காத கேள்விக்கு விடை கிடைக்கலாம்.

புதிதாகத் தொடங்குபவர்கள் பழக்கத்துக்கு டி.ஜி.எஸ்., அதாவது டிரைகிளைசின் சல்பேட், எடுத்துக்கொள்ளலாம். நீரில் வளரும், பெரிதாக வளரும், 49 டிகிரி செல்சியஸில் ஒரு நிலைமாற்றம், அதாவது படிக அமைப்பே மாறும் இடம், இருக்கிறது. கல்லூரியில் இருக்கும் எஃப்.டி.ஐ.ஆர். கருவிக்குள் உணர்வியாகப் பெரும்பாலும் இருப்பது இதே படிகத்தின் டியூட்டீரியம் ஏற்றிய வடிவம்தான்.

படித்தே ஆகவேண்டிய இன்னொரு கரிம உப்பு குவானிடினியம் நைட்ரேட். சுமார் 296 கெல்வினில், அதாவது 23 டிகிரியில், அதற்கு நிலைமாற்றம். அப்போது படிகம் ஒரு திசையில் ஏறத்தாழப் பாதி நீளம் கூடுகிறது, குளிர்ந்தால் பழையபடி சுருங்குகிறது. ஏற்காட்டு மார்கழிக் காலைக்கும் சேலம் டவுன் சித்திரை மதியத்துக்கும் நடுவில் விழும் வெப்பநிலை அது. மலை இறங்கி வந்தாலே படிகம் உருமாறிவிடும் என்று சொல்லலாம். ஆனால் அது ஆக்சிஜனேற்றி. கார்களின் காற்றுப்பைகளில் வாயு உண்டாக்கப் பயன்படுவது. தொடக்கப் பயிற்சிக்கு அதை எடுக்காதீர்கள். வழிகாட்டும் பேராசிரியரின் அனுமதியும் பாதுகாப்பும் இல்லாமல் சூடேற்றவே கூடாது.

படி 2: வளர்த்தல்

டி.ஜி.எஸ்.-க்கு மூன்று பங்கு கிளைசின், ஒரு பங்கு கந்தக அமிலம், மோல் கணக்கில். 22.5 கிராம் கிளைசினுக்கு 98 சதவீத அமிலம் சுமார் 5.5 மில்லிலிட்டர். அமிலத்தை நீரில் சொட்டுச் சொட்டாக விடுங்கள், ஒருபோதும் அமிலத்தில் நீரை ஊற்றாதீர்கள். பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, புகைக்கூண்டு மூன்றும் வேண்டும். கரைசல் ஆறிய பிறகு கிளைசினைச் சேர்த்துக் கிளறுங்கள். கரைய வைப்பதற்காகச் சூடேற்றினால் 60 டிகிரியைத் தாண்ட வேண்டாம், கிளைசின் கெட ஆரம்பிக்கும். படிந்த உப்பை இரண்டு மூன்று முறை மறுபடிகமாக்கி, வடிகட்டி, வளர விடுங்கள்.

நம் ஊரில் பெரிய சிக்கல் அறையின் வெப்பநிலை. கோடையில் பகலில் அறை 36க்கு ஏறி இரவில் 27க்கு இறங்கினால், பகலில் கரைந்து இரவில் அவசரமாகப் படியும். படிகத்துக்குள் கரைசல் துளிகள் சிக்கிக்கொள்ளும். நிலைவெப்ப நீர்த்தொட்டி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பீக்கரைத் தெர்மோகோல் பெட்டிக்குள் நீர்ப் பாத்திரத்தில் வைத்து, ஜன்னலிலிருந்து தள்ளி, தரைத்தள அறையில் வையுங்கள். சேர்வராயன் மலைமேல் வளர்ப்பவர்களுக்கு நேர் எதிரான தொல்லை. அங்கே மூடுபனி நாட்களில் ஆவியாதல் கிட்டத்தட்ட நின்றுவிடும். ஈரம் உறிஞ்சும் உப்பென்றால் எடுத்து வைத்த படிகமே கசிந்து போகும். உலர்பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

எக்ஸ்ரேக்கு 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர், நுண்ணோக்கிக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர். பெரியதை வெட்டிச் சிறியதாக்குவதைவிடச் சிறியதாகவே வளர்ந்ததைப் பொறுக்குவது மேல். டி.ஜி.எஸ். பி அச்சுக்குச் செங்குத்தாகச் சுலபமாகப் பிளக்கும். கத்தி பட்டாலே அந்தத் தளத்தில் விரிசல் விழும்.

படி 3: எக்ஸ்ரேக்கு முன்பே சூடேற்றிப் பாருங்கள்

முதலில் டி.ஜி.ஏ. அளவிடப்போகும் வெப்பநிலை எல்லைக்குள் எடை குறையக்கூடாது. அடுத்து, படிகம் வெப்பத்தை உள்வாங்குவதையும் வெளிவிடுவதையும் அளக்கும் டி.எஸ்.சி., சூடேற்றியும் குளிர்வித்தும். ஏதாவது உச்சி தெரிந்தால் நிலைமாற்றம் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். டி.எஸ்.சி.யை அறை வெப்பநிலையிலிருந்து மேலே மட்டும் ஓட்டுவது நம் பக்கத்தில் வழக்கம். வெப்ப விரிவு வேலைக்கு அது போதாது. குளிர் பக்கமும் வேண்டும்.

பிறகு சூடேற்றும் மேடை பொருத்திய முனைவாக்க நுண்ணோக்கி. இதில் குணகத்தை அளக்கலாம் என்று நினைக்காதீர்கள். 2 மில்லிமீட்டர் படிகம், குணகம் 50, வெப்பநிலை 50 டிகிரி உயர்ந்தால் நீளம் கூடுவது 5 மைக்ரோமீட்டர்தான். நுண்ணோக்கி காட்டுவது வேறு விஷயங்களை: ஒளி அணையும் கோணம் மாறுகிறதா, ஒரு கோடு படிகத்தின் ஊடே நகர்கிறதா, விரிசல் விழுகிறதா, படிகம் குதிக்கிறதா.

குதிப்பது விளையாட்டல்ல. ஆக்சிட்ரோபியம் புரோமைடு என்ற கரிம உப்பைச் சூடேற்றினால் 45 டிகிரியை ஒட்டி அது துள்ளுகிறது. 2010இல் ஸ்கோகோ, நௌமோவ் முதலியோர் அதன் அமைப்பை அளந்தபோது, நிலைமாற்றத்தில் பி அச்சு சுமார் 11 சதவீதம் நீண்டு, சி அச்சு சுமார் 7 சதவீதம் குறைவது தெரிந்தது. சேர்ந்திருக்கும் தகைவு ஒரே நொடியில் விடுபடுவதால் படிகம் எகிறுகிறது. உங்கள் படிகம் இப்படிச் செய்தால் எக்ஸ்ரே கருவியில் ஊசிமுனையிலிருந்து அது பறந்துவிடும். எனவே அந்த வெப்பநிலைக்கு முன்னும் பின்னும் தனித்தனிப் படிகங்களைத் திட்டமிடுங்கள்.

படி 4: எக்ஸ்ரே தரவு எடுத்தல்

வெப்பநிலையை மாற்றும் வசதியுள்ள ஒற்றைப்படிக எக்ஸ்ரே கருவி வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யின் சைஃப் என்ற பொதுக் கருவி மையத்தில் வெளியாட்களுக்கு ஒற்றைப்படிக எக்ஸ்ரே அளந்து கொடுக்கிறார்கள். எங்கே அனுப்பினாலும், பல வெப்பநிலைகளில் ஒரே படிகத்தை அளக்க முடியுமா, எந்த எல்லை வரை என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். விண்ணப்பத்தில் 'எக்ஸ்.ஆர்.டி.' என்று மட்டும் போட்டால் அறை வெப்பநிலைத் தரவு ஒன்றுதான் வரும்.

படிகங்களைத் தாய்க்கரைசலோடு சிறு குப்பியில் போட்டு, பஞ்சு சுற்றி, தெர்மாஸ் பிளாஸ்க்கில் எடுத்துப் போங்கள். சேலத்திலிருந்து சென்னைக்குக் கோடைப் பகலில் ரயிலில் போகும்போது பை 40 டிகிரியைத் தொடும். அந்த 40 டிகிரிக்குள் நிலைமாற்றம் உள்ள படிகம் வழியிலேயே உடைந்துவிடலாம்.

படிகத்தை ஊசியில் பொருத்தும் விதம் முக்கியம். குளிர் பக்கத்துக்கு எண்ணெய்ப் படலம் போதும். அறை வெப்பநிலைக்கு மேலே போனால் எண்ணெய் இளகிப் படிகம் நகரும். அங்கே எபாக்சி பசை, அதுவும் படிகத்தின் ஒரு முனையில் பொட்டளவு மட்டும். படிகம் முழுவதும் பசை பூசினால் பசையின் விரிவும் படிகத்தை இழுக்கும்.

வெப்பநிலை வரிசைக்கு ஒரு நல்ல திட்டம்: அறை வெப்பநிலையில் தொடங்கி, நிமிடத்துக்கு 2 கெல்வின் வேகத்தில் 100 வரை இறங்கி, பிறகு 20 கெல்வின் இடைவெளியில் மேலே ஏறி, கடைசியில் மறுபடி அறை வெப்பநிலைக்குத் திரும்புவது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருங்கள். முழு அமைப்புத் தரவு நான்கைந்து இடங்களில் போதும், மற்ற இடங்களில் அலகுக்கூட்டுக்கான தரவு போதும். ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அளவீட்டு முறை, ஒரே கோண எல்லை, கூடுமானவரை ஒரே பிரதிபலிப்புகள். முறை மாறினால் முறையின் பிழை வெப்ப விரிவு போலத் தோன்றும். கடைசியில் திரும்பி வந்தபோது அலகுக்கூடு தொடக்கத்தில் இருந்த இடத்துக்கே வந்தால் உங்கள் தரவை நம்பலாம்.

படிகத்தின் மேல் குளிர்ந்த வாயுவை வீசும் கருவியின் திரையில் தெரியும் எண் படிகத்தின் வெப்பநிலையாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் படிகம் 122 கெல்வினை ஒட்டி நாற்கோணத்திலிருந்து செஞ்சாய்சதுரமாக மாறும். அதைக் கொண்டு ஒருமுறை சரிபார்த்துவிட்டால் நிம்மதி.

படி 5: கணக்கு, அதில் உள்ள கண்ணி

எளிய பகுதி முதலில். ஓர் அச்சு 100 கெல்வினில் 12.600 ஆங்ஸ்ட்ராம், 300 கெல்வினில் 12.650 என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடு 0.050. அதை 12.600ஆல் வகுத்து, 200ஆல் வகுத்தால் மில்லியனில் 19.8. நீளம் ஒவ்வொன்றிலும் 0.003 ஆங்ஸ்ட்ராம் பிழை இருந்தால் குணகத்தில் சுமார் 1.7 பிழை வரும். ஆகவே மைனஸ் 2 என்று வந்த எண்ணைப் பார்த்து 'சுருங்குகிறது' என்று சொல்ல முடியாது. மென்பொருள் தரும் நியமப்பிழை பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும் என்பதையும் மனதில் வையுங்கள்.

இரண்டு வெப்பநிலையை வைத்து முடிவுக்கு வராதீர்கள். வெப்பநிலைக்கு எதிராக வரைபடம் போட்டு, ஒழுங்கான கோடாக வருகிறதா என்று பாருங்கள். தாழ்ந்த வெப்பநிலையில் எல்லாப் பொருளின் விரிவும் பூஜ்யத்தை நோக்கி இறங்கும். அதனால் 100க்குக் கீழே கோடு படுத்துக்கொள்வது இயல்பு. அதையும் சேர்த்து ஒரே நேர்கோடு போட்டால் எண் குறைந்து வரும். நடுவில் சாய்வு மாறினால் அங்கே நிலைமாற்றம் இருக்கலாம். டி.ஜி.எஸ்.-இல் 49 டிகிரியில் இதைப் பார்க்கலாம்.

இப்போது கண்ணி. கரிம உப்பு ஒற்றைச்சரிவு என்றால் ஏ, பி, சி அச்சுகளின் குணகங்களை மட்டும் அட்டவணை போட்டு விட்டுவிடக் கூடாது. காரணத்தை ஒரு கணக்கில் காட்டுகிறேன். ஏ, சி அச்சுகளுக்கு இடையேயான பீட்டா கோணம் 90.0இலிருந்து 90.6 டிகிரிக்கு மாறுகிறது, ஏ, சி நீளங்கள் துளியும் மாறவில்லை, வெப்பநிலை 200 கெல்வின் உயர்ந்திருக்கிறது. அச்சுக் குணகங்கள் இரண்டும் பூஜ்யம். 'விரிவே இல்லை' என்று எழுதத் தோன்றும். ஆனால் 0.6 டிகிரி என்பது 0.0105 ரேடியன். அதில் பாதி ஒரு சாய்வுத் திசையில் நீட்சி, பாதி அதற்குச் செங்குத்தான சாய்வுத் திசையில் சுருக்கம். 200ஆல் வகுத்தால் ஒரு பக்கம் பிளஸ் 26, இன்னொரு பக்கம் மைனஸ் 26. அச்சுகளோடு 45 டிகிரி சாய்ந்த அந்தத் திசைகளில் படிகம் நன்றாகவே அசைகிறது. ஏ, சி என்பவை நாம் வசதிக்குத் தேர்ந்த அச்சுகள். படிகம் தன் போக்கில் விரியும் திசைகளுக்கு முதன்மை அச்சுகள் என்று பெயர். ஒற்றைச்சரிவில் அவற்றில் ஒன்று பி அச்சோடு ஒத்துப்போகும், மற்ற இரண்டும் ஏ-சி தளத்தில் எங்கேயோ சாய்ந்து நிற்கும். முச்சரிவில் மூன்றுமே சுதந்திரம்.

இந்தக் கணக்கைக் கையால் போட வேண்டியதில்லை. கிளிஃப், குட்வின் இருவரும் 2012இல் வெளியிட்ட 'பாஸ்கல்' என்ற இணையக் கருவி இலவசம். வெப்பநிலை, அதன் பிழை, ஆறு அலகுக்கூட்டு எண்கள் இவற்றை வரிசையாகக் கொடுத்தால், மூன்று முதன்மைக் குணகங்களும், அவை ஏ, பி, சி அச்சுகளோடு எப்படிச் சாய்ந்திருக்கின்றன என்பதும், பரும குணகமும் கிடைக்கும். மூன்று முதன்மைக் குணகங்களைக் கூட்டினால் பரும குணகத்துக்கு ஏறத்தாழச் சமமாக வர வேண்டும். வராவிட்டால் எங்கேயோ தவறான எண் நுழைந்திருக்கிறது.

படி 6: ஏன் என்று கேளுங்கள்

எண் கிடைத்ததும் கட்டுரை எழுத உட்காராதீர்கள். மூலக்கூறு மட்டத்தில் காரணம் காட்ட முடியாத எதிர்மறை விரிவை நான் ஒரு சந்தேகமாக மட்டுமே வைத்துக்கொள்வேன்.

படிக அமைப்பைப் படமாகக் காட்டும் மெர்க்குரி மென்பொருளில் மிகத் தாழ்ந்த, மிக உயர்ந்த வெப்பநிலை அமைப்புகளை ஒன்றன் மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். பாஸ்கல் தந்த முதன்மைத் திசையைப் படத்தில் வரைந்துகொள்ளுங்கள். பிறகு நான்கு அட்டவணை: ஒவ்வொரு ஹைட்ரஜன் பிணைப்பிலும் கொடுக்கும் அணுவுக்கும் வாங்கும் அணுவுக்கும் இடையேயான தூரம், அடுக்கிய வளையங்களுக்கு இடையேயான தூரம், வளையத் தளங்கள் ஒன்றோடொன்று சாய்ந்துள்ள கோணம், அயனிகளின் மைய தூரங்கள். ஹைட்ரஜன் அணுவின் இடத்தை எக்ஸ்ரே சரியாகக் காட்டாது. அதனால் ஹைட்ரஜன் வரையிலான தூரத்தை ஒப்பிடாமல் கனமான அணுக்களின் தூரத்தையே ஒப்பிடுங்கள். இன்னொரு எச்சரிக்கை: உயர்ந்த வெப்பநிலையில் ஒரு மூலக்கூறு ஊசலாடுவதால் அதன் சகப் பிணைப்புகள் குறுகியது போலத் தெரியும். அது தோற்றம் மட்டுமே. பென்சீன் வளையம் சுருங்கியதாக எழுதிவிடாதீர்கள்.

பொதுவாகத் தென்படும் காரணங்களில் எளியது, அடுக்கு விரிவு. வளையங்களுக்கு நடுவே தூரம் கூடுகிறது, ஹைட்ரஜன் பிணைப்புத் திசை அப்படியே இருக்கிறது. ஒரு திசையில் 100க்கு மேல், மற்ற இரண்டில் மிகக் குறைவு. இதில் எதிர்க்குறி வர வேண்டியதில்லை.

உண்மையான சுருக்கத்துக்குப் பெரும்பாலும் காரணம் கோண மாற்றம்தான். தறியிலிருந்து வந்த வெண்பட்டுத் துணியை எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். இழுத்த திசையில் நீளும், குறுக்குத் திசையில் ஒடுங்கும். ஒரு நூல்கூட நீளவில்லை. ஊடும் பாவும் சந்திக்கும் கோணம் மட்டும் மாறியது. கரிம உப்பிலும் அதேதான். நேரயனி-எதிரயனிச் சங்கிலிகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் அமைப்பில், சூடு ஏறும்போது அடுக்குகளுக்கு இடம் வேண்டும். சங்கிலிகள் விறைப்பானவை, நீளாது. எனவே சங்கிலிகளுக்கு இடையேயான கோணம் மாறி இடம் கொடுக்கிறது. ஒரு திசையில் பெரிய விரிவும் அதற்குக் குறுக்கே சுருக்கமும் ஒன்றாக வருவது இதனால்தான். ஆகவே எதிர்மறை எண் வந்தால் உடனே அதன் குறுக்குத் திசையைப் பாருங்கள். அங்கே வழக்கத்தைவிடப் பெரிய நேர்மறை எண் இருந்தால் கோண மாற்றம் என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். அட்டவணையில் சாய்வுக் கோணம் வெப்பநிலையோடு ஒழுங்காக மாறுவதைக் காட்டினால் வாதம் முழுமையாகும். 2010இல் தாஸ், ஜேக்கப்ஸ், பார்பர் ஆகியோர் டையைன் டையால் என்ற வகைக் கரிமப் படிகம் ஒன்றில் கண்டது இந்த வகையின் சிறந்த எடுத்துக்காட்டு. அது உப்பு அல்ல. ஆனால் ஹைட்ரஜன் பிணைப்பால் கோர்த்த மூலக்கூறுகள் ஒன்றாகச் சாய்வை மாற்றிக்கொள்வதை வெப்பநிலை வெப்பநிலையாகக் காட்டியிருக்கிறார்கள். பின்பற்ற வேண்டிய முறை அது.

மூன்றாவது காரணம் ஒழுங்கும் ஒழுங்கின்மையும். டி.ஜி.எஸ்.-இல் மூன்று கிளைசின்களில் ஒன்று 49 டிகிரிக்குக் கீழே ஒரு பக்கமாகச் சாய்ந்து உறைந்திருக்கும். அதனால்தான் படிகத்துக்கு மின்முனைவு. மேலே போனால் அது இரண்டு பக்கமும் சமமாகப் புரளுகிறது, சராசரியில் ஓர் ஆடித்தளம் தோன்றுகிறது, மின்முனைவு மறைகிறது. இந்த மாற்றத்தை நெருங்கும்போது அலகுக்கூடு ஒழுங்கான கோட்டிலிருந்து விலகும். நைட்ரேட், பெர்குளோரேட், டெட்ராபுளூரோபோரேட் போன்ற உருண்டையான அல்லது சமச்சீரான எதிரயனிகள் சுழல ஆரம்பிக்கும்போதும் இதே போல நடக்கலாம். அணுக்களின் அதிர்வு நீள்வட்டங்கள் திடீரென்று வீங்கினால் அங்கே கவனியுங்கள்.

படி 7: உறுதிசெய்தல்

வேறொரு தொகுதியில் வளர்ந்த இரண்டாவது படிகத்தில் மூன்று வெப்பநிலையிலாவது அளந்து பாருங்கள். அதே உப்பைப் பொடியாக்கி வெப்பநிலை மாற்றிப் பொடி எக்ஸ்ரே எடுத்தால் இன்னும் பலம். பொடிக்குள் கொஞ்சம் சிலிக்கானைக் கலந்துவிட்டால் அதன் கோடுகள் அளவுகோலாக நிற்கும். டி.எஸ்.சி.யில் உச்சி இல்லாத இடத்தில் உங்கள் வரைபடம் குதித்தால் படிகம் ஊசியில் நகர்ந்திருக்கலாம் அல்லது உண்மையிலேயே விரிந்திருக்கலாம். இரண்டையும் பிரித்துச் சொல்ல இரண்டாவது படிகம்தான் சாட்சி.

மென்மையான உப்புகளை மூன்று நான்கு முறை சூடேற்றிக் குளிர்வித்து, அலகுக்கூடு ஒவ்வொரு முறையும் அதே பாதையில் போகிறதா என்று பார்ப்பதும் அவசியம். முதல் சுற்றில் மட்டும் தெரியும் சுருக்கம், பெரும்பாலும் ஈரம் போனதன் விளைவு.

படி 8: எழுதுதல்

அச்சுக் குணகங்களோடு முதன்மைக் குணகங்களையும், எந்த வெப்பநிலை எல்லையில் என்பதையும், பிழையையும் சேர்த்தே கொடுங்கள். 'மைனஸ் 35' என்று மட்டும் சொன்னால் பொருளில்லை. 140 முதல் 300 கெல்வின் வரை, எந்தத் திசையில், எத்தனை பிழையோடு என்று சொன்னால்தான் இன்னொருவர் ஒப்பிட முடியும். எல்லா வெப்பநிலையின் அலகுக்கூட்டு எண்களையும் ஒரே அட்டவணையில் போடுங்கள், சூடேற்றிய சுற்று தனி, குளிர்வித்த சுற்று தனி. முழு அமைப்பு எடுத்த ஒவ்வொரு வெப்பநிலைக்கும் தனித்தனிக் கோப்பாகக் கேம்பிரிட்ஜ் தரவுத்தளத்தில் சேருங்கள். அறை வெப்பநிலைக் கோப்பை மட்டும் சேர்த்துவிட்டு மற்றவற்றை மடிக்கணினியில் வைத்திருப்பது அந்த வேலைக்குச் செய்யும் அநியாயம். அளந்த படிகங்களையும் பெயர், தேதி, கரைப்பான் எழுதிய குப்பியில் உலர்பெட்டிக்குள் வைத்திருங்கள். கட்டுரையை மதிப்பிடுபவர் இன்னும் இரண்டு வெப்பநிலை வேண்டும் என்று கேட்டால், புதிதாக வளர்க்கப் பீக்கரைத் தேடாமல் அதிலிருந்தே ஒன்றை எடுத்துப் பொருத்திவிடலாம்.